அளவு சொல்லாமற் கொடுத்த படம்

சென்ற மாதத்தில் ஒரு மாலை நாம் கல்லூரி விட்டு வீடு திரும்பியபோது, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி வாசற்படியிற் காத்திருந்தான். முகம் வாடியிருந்தது. "சேர், ஒரு படம் இருக்கு, நீங்கள் ஒருக்காப் பார்க்க வேணும். கமரா என்னை ஏமாத்திப் போட்டுது" என்றான்.

அவனுடைய அப்பப்பா ஊரறிந்த அண்ணாவியார். வயது எண்பதைக் கடந்தவர். இவ்வாண்டு கோயில் முன்றலில் நடந்த காத்தவராயன் கூத்தில், முழங்கால் நோவையும் பொருட்படுத்தாது, சிறிது நேரம் மட்டும் உடுத்து ஆடினார். அதுவே தமது கடைசிக் கூத்து என்று முன்னரே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். பேரன் அதனைத் தன் கைத்தொலைபேசியிற் படம்பிடித்தான். வீட்டுக் கணினியில் இரண்டு பாகங்களாகத் தொகுத்தான். தலைப்பும் பெயர்களும் இடுவதற்காக நகரத்து ஸ்ரூடியோ ஒன்றிற் கொடுத்தான். அங்கே இருந்தது வேறொரு தொகுப்பு மென்பொருள். ஒரு கிழமை கழித்துப் படம் திரும்பி வந்தது. பெயர்கள் அழகாக இருந்தன. அப்பப்பாவின் கண்களைத்தான் காணவில்லை. புருவத்தின் கீழே இரண்டு கரிய குழிகள். தலைப்பாகையின் நிழலும் நெற்றியும் ஒரே இருளாகிவிட்டன.

வீட்டார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்களாம். தகப்பனார் கைத்தொலைபேசியை நொந்தார். மாமி மட்டும், "அவர் கறுவல் ஆள், அதுவும் இரவு நேரம். கமராவுக்கு எப்பிடித் தெரியும்?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். வீடு முழுவதும் அத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. பையனும் ஏற்றுக்கொண்டான். எம்மிடம் அவன் வந்ததுகூட, அடுத்த முறை எந்தக் கமராவை வாங்கலாம் என்று கேட்பதற்கே.

நாம் படத்தை இருமுறை ஓடவிட்டுப் பார்த்தோம். கண்கள் மறைந்தது மெய்யே. ஆனால், எமது கண்ணில் வேறொன்றும் பட்டது. அருகில் நின்ற மத்தளகாரரின் வெள்ளை வேட்டியில் ஒரு மடிப்பையேனும் காணோம். மின்விளக்கின் வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரே வெள்ளையாய் இருந்தது. கறுப்பான முகம் இருளில் மறைந்தது என்று மாமி சொன்னார். அங்ஙனமாயின் வெள்ளை வேட்டியின் மடிப்பு எங்கே போயிற்று? இருளின் நுனியும் ஒளியின் நுனியும் ஒருங்கே வெட்டுண்டு கிடக்குமாயின், அங்கே குற்றம் முகத்தில் இல்லை, பெரும்பாலும் கமராவிலும் இல்லை, அளவில் இருக்கின்றது. இவ்வாரம் அவ்வளவைப் பற்றியே பேச விரும்புகின்றோம். இப்பொழுது வீட்டுக்கு வீடு படம் பிடிக்கின்றனர். பாடசாலை தோறும் குறும்படம் எடுக்கின்றனர். ஆதலின் இஃது எல்லார்க்கும் உதவக்கூடிய செய்தியே.

கணினிக்குப் படம் என்பது எண்களின் கூட்டம். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் ஒளியைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. நாம் வழக்கமாகக் கையாளும் 8 பிட் படங்களில் அவ்வெண் 0 முதல் 255 வரை செல்லும். மொத்தம் 256 படிகள். இதுவரையில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எந்த எண் கறுப்பு, எந்த எண் வெள்ளை என்பதிலேதான் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. கணினி வழக்கத்தில் 0 என்பது கறுப்பு. 255 என்பது வெள்ளை. இதனை முழு அளவு என்பர். தொலைக்காட்சி வழக்கத்திலோ 16 என்பதுதான் கறுப்பு. 235 என்பதுதான் வெள்ளை. இதனை வீடியோ அளவு என்பர். 10 பிட் படமாயின் வீடியோ அளவின் கறுப்பு 64, வெள்ளை 940. முழு அளவு 0 முதல் 1023 வரை.

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை எண்ணிப் பாருங்கள். நீர் உறையும் நிலையைச் செல்சியசு 0 என்கின்றது; பரனைட்டு 32 என்கின்றது. நீர் கொதிக்கும் நிலையை ஒன்று 100 என்கின்றது. மற்றையது 212 என்கின்றது. இரண்டும் சரியானவையே. பிள்ளைக்கு 100 என்று தாய் சொன்னால், வைத்தியர் அதனைப் பரனைட்டு என்று அறிந்து சிறு காய்ச்சலுக்கு மருந்து தருவார். அதே எண்ணைச் செல்சியசு என்று எடுத்துக்கொண்டாற் பிள்ளை கொதிக்கின்றது என்றல்லவா பொருள்படும்? எண் மாறவில்லை, அதனை வாசித்த அளவுகோல் மாறிற்று. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் படத்தைக் கொண்டுபோகும்போது நேரும் விபத்தும் இதுவே.

இரண்டு வழக்கங்கள் ஏன் வந்தன என்று மாணவர் கேட்பது நியாயம். தொலைக்காட்சிச் சமிக்ஞையை எண்களாக மாற்றும் முறைக்கு 1982ஆம் ஆண்டில் உலகப் பொதுவான விதி ஒன்று வகுக்கப்பட்டது. 601ஆம் இலக்கப் பரிந்துரை என்று அதனை இன்றும் வழங்குவர். அக்காலத்தில் கமராவிலிருந்து வந்தது தொடர்ச்சியான மின்னலை. இருளிலிருந்து ஒளிக்குத் திடீரென மாறும் ஓரங்களில், வடிகட்டும் சுற்றுக்களைக் கடந்து வரும்போது, அவ்வலை தன் எல்லைக்குச் சற்று மேலேயும் கீழேயும் துள்ளும். துள்ளுவதற்கு இடம் விடாமல் எல்லையிலே வெட்டிவிட்டால் ஓரங்கள் பழுதாகும். ஆகவே கீழே சிறிது இடமும் மேலே சிறிது இடமும் ஒதுக்கினர். 0, 255 என்னும் இரு நுனி எண்களையும் படத்துக்குக் கொடாது, நேர ஒழுங்கைக் காட்டும் குறிகளுக்கென வைத்தனர். வயலின் விளிம்பில் வரப்பு விடுவது போன்ற செயல் அது. 1990இல் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கென வந்த 709ஆம் இலக்கப் பரிந்துரையும் அவ்வரப்பைக் கைவிடவில்லை. கணினித் திரைக்கும் நிழற்படக் கோப்புக்கும் அந்தத் தேவை இருக்கவில்லை. அவை 0 முதல் 255 வரை முழு வயலையும் உழுதன.

இனி விபத்தின் கணக்கைப் பார்ப்போம். வீடியோ அளவிலுள்ள எண்ணை முழு அளவுக்கு மாற்ற வேண்டுமாயின், அதிலிருந்து 16ஐக் கழித்து, மீதியை 255ஆற் பெருக்கி 219ஆற் பிரிக்க வேண்டும். 16 அப்பொழுது 0 ஆகும். 235 அப்பொழுது 255 ஆகும். இது முறையான மாற்றம். ஆனால், ஏற்கெனவே முழு அளவில் இருக்கும் படத்தை வீடியோ அளவு என்று தவறாகக் கொண்டு, மென்பொருள் அதே கணக்கைச் செய்துவிடுமாயின் யாது நிகழும்? கண்குழியின் நிழல் 7, இமை 11, விழியோரம் 15 என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் 16க்குக் கீழ்ப்பட்டவை. ஆகவே மூன்றும் 0 ஆகிவிடும். கன்னம் 30ஆக இருந்தால் 16ஆக இறங்கும்; 60ஆக இருந்தால் 51ஆக இறங்கும். மறுபுறத்தில் 200ஆக இருந்த வேட்டி 214ஆக ஏறும். 240, 245, 250 என்று படிப்படியாக நின்ற மடிப்புக்களெல்லாம் 255 என்னும் ஒரே வெள்ளையாய்விடும். கணக்கிட்டுப் பார்த்தால், 113க்குக் கீழே உள்ளவை மேலும் இருளும். அதற்கு மேலே உள்ளவை மேலும் ஒளிரும். 256 படிகளில் 220 மட்டுமே வேறுபட்டு நிற்கும். 36 படிகள் அயலிலுள்ள படியோடு கலந்துவிடும்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. வீடியோ அளவிலுள்ள படத்தை முழு அளவு என்று எடுத்துக்கொண்டால், கறுப்பு 16இலேயே நிற்கும். வெள்ளை 235ஐத் தாண்டாது. படம் சாம்பல் பூசினாற்போல மங்கித் தோன்றும். அந்த மங்கலை மறுபடியும் வீடியோ அளவாக வெளியே எடுத்தால், கறுப்பு 30 ஆகும். வெள்ளை 218 ஆகும். ஒவ்வொரு பயணத்திலும் படம் சோகை பிடித்துக்கொண்டே போகும்.

இவ்விரு பிழைகளும் ஒரே தன்மையின அல்ல. இதனை மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சாம்பலாய்ப் போன படத்திற் பெரும்பாலும் எதுவும் தொலைவதில்லை. எதிர்க்கணக்குச் செய்து மீட்கலாம். வெட்டுண்ட படமோ அப்படியன்று. 7, 11, 15 என்ற மூன்றும் 0 என்று எழுதிச் சேமிக்கப்பட்டபின், எந்த 0 கண்ணுடையது, எந்த 0 இமையுடையது என்று எவராலுஞ் சொல்ல இயலாது. சில மென்பொருள்கள் தம்முள்ளே தசம எண்களாற் கணக்கிடுவதால், 0க்குக் கீழே இறங்கியவற்றையும் நினைவில் வைத்திருக்கும். அங்கே இருக்கும்வரை திருத்த வழியுண்டு. வெளியே எடுத்துக் கோப்பாக எழுதிய கணத்தில் அவ்வழி அடைபட்டுவிடும்.

அங்ஙனமாயின், கோப்பைத் திறக்கும் மென்பொருள் அது எந்த அளவிலுள்ளது என்பதை எவ்வாறு அறிகின்றது? கோப்பிலே அதற்கென ஒரு சிறு குறி எழுதப்படலாம். கைத்தொலைபேசி முதலியன பெரிதும் பயன்படுத்தும் எச். 264 என்னும் முறை 2003இல் வெளிவந்தது. அம்முறையில், முழு அளவா அன்றா என்பதைக் காட்டும் குறிக்கு இடம் உண்டு. ஆயின் அக்குறியை எழுதியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறி இல்லையெனின் வீடியோ அளவு என்றே கொள்க என்பது விதி. எம்முடைய மாணவனுக்கு வினையாய் முடிந்தது இவ்விதியே. அவனுடைய மென்பொருள் முழு அளவிற் படத்தை எழுதிற்று, குறியை எழுதவில்லை. ஸ்ரூடியோவின் மென்பொருள் விதிப்படி நடந்தது; வீடியோ அளவு என்று கொண்டு விரித்தது. ஸ்ரூடியோக்காரர் தம் கையால் எதனையும் கெடுக்கவில்லை. பையனும் கெடுக்கவில்லை. ஒருவர் அளவு சொல்லாமற் கொடுத்தார். மற்றவர் அளவு கேளாமல் வாங்கினார். அவ்வளவே.

இதை நாம் ஊகமாகச் சொல்லவில்லை, சோதித்தே கண்டோம். பையனின் மென்பொருளில் 0, 5, 10, 20 என்னும் நான்கு இருட்பட்டைகளையும், 128 என்னும் நடுச்சாம்பலையும், 235, 240, 250, 255 என்னும் நான்கு ஒளிப்பட்டைகளையும் வரிசையாக வைத்துப் பத்து விநாடிப் படம் ஒன்று செய்தோம். ஸ்ரூடியோவுக்கு அனுப்பிய கோப்பை எவ்வாறு வெளியே எடுத்தானோ, அவ்வாறே அதனையும் எடுக்கச் செய்து, ஸ்ரூடியோவில் இருந்த வகை மென்பொருளிலே திறந்தோம். 5ம் 10ம் காணாமற் போயின; 20 மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மேலே 235 முதல் 255 வரை நான்கும் ஒன்றாய்ப் போயின. பையன் திரையை உற்றுப் பார்த்தான். "சேர், அப்ப இது அப்பப்பாவின்ரை நிறத்தாலை வந்ததில்லை" என்றான். ஆம், அன்று.

இச்சோதனையை எவரும் வீட்டிற் செய்யலாம். பட்டைகளைக் கண்ணாற் பார்ப்பதோடு நில்லாது, வேவ்ஃபோம் எனப்படும் அலைவரைபடத்தையும் பார்க்கவேண்டும். தொகுப்பு மென்பொருள்கள் பலவற்றில் அது உண்டு. கறுப்பு 0இலும் வெள்ளை 100இலும் நிற்குமாயின் நன்று. கறுப்பு 6க்கு அருகிலும் வெள்ளை 92க்கு அருகிலும் நின்றால், வீடியோ அளவை முழு அளவென்று வாசித்திருக்கின்றது. இருட்பட்டைகள் அடியோடு ஒட்டிக்கொண்டால், முழு அளவை வீடியோ அளவென்று வாசித்திருக்கின்றது. அமெரிக்கச் சினிமா தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் 1978இல் ஒழுங்குபடுத்திய வண்ணப்பட்டைப் படத்தைப் பலர் கண்டிருப்பர். அதன் கீழ்ப்பகுதியில், கறுப்புக்குச் சற்றுக் கீழே ஒன்று, கறுப்பு ஒன்று, கறுப்புக்குச் சற்று மேலே ஒன்று என மூன்று மெல்லிய கீற்றுக்கள் இருக்கும். அழகுக்காக வைத்தவை அல்ல. இந்த அடியெல்லையைச் சரிபார்ப்பதற்கே அவற்றை வைத்தனர்.

படம் ஊர்மாறும்போது கெடுவதற்கு அளவு ஒன்றே காரணம் என்று எண்ணிவிடலாகாது. மூன்று நோய்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய எளிய வழியும் உண்டு. கறுப்பும் வெள்ளையும் இடம்மாறியிருந்தால், அது நாம் இதுவரை சொன்ன அளவு நோய். கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் சரியாய் இருக்க, சிவப்பும் பச்சையும் மட்டும் திரிந்திருந்தால், அது நிறச் சூத்திரத்தின் நோய். கறுப்பும் வெள்ளையும் சரியாய் இருக்க, நடுச்சாம்பல் மட்டும் வெளிறியோ இருண்டோ காணப்பட்டால், அது வளைவின் நோய்.

நிறச் சூத்திரம் என்றது யாதெனின், சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றிலிருந்தும் ஒளியின் அளவைக் கூட்டும் விகிதம். 601ஆம் பரிந்துரை சிவப்பை 0.299 என்றும், பச்சையை 0.587 என்றும், நீலத்தை 0.114 என்றும் கொள்ளும். 709ஆம் பரிந்துரை முறையே 0.2126, 0.7152, 0.0722 என்று கொள்ளும். இரண்டிலும் கூட்டினால் 1 வரும். ஆகவே நிறமற்ற சாம்பல் மாறுவதில்லை. நிறம் உள்ளவையே மாறும். பழைய திருமண டி.வி.டி. ஒன்றிலிருந்து எடுத்த படத்தைப் புதிய மென்பொருள் 709இன்படி வாசித்துவிட்டால், மணப்பெண்ணின் செந்நிறக் கூறை சற்றே செம்மஞ்சளாகச் சாயும். வீட்டார் அதனைப் பழைய ஒளித்தட்டின் மூப்பு என்பர். மூப்பு அன்று, சூத்திரம் மாறிப்போயிற்று.

வளைவு என்றது காமா என்பதை. நடுத்தர ஒளிகளைத் திரை எவ்வளவு தூக்கி அல்லது தாழ்த்திக் காட்டும் என்பதை அது தீர்மானிக்கும். மக்கின்டொஷ் கணினிகள் நெடுங்காலம் 1.8 என்னும் வளைவையும், மற்றைக் கணினிகள் 2.2ஐயும் வழக்கமாகக் கொண்டிருந்தன. 2009இல் வெளிவந்த சினோ லெப்பேட் என்ற பதிப்பிலேதான் மக்கின்டொஷ் 2.2க்கு மாறிற்று. அதற்கு முன்பு ஒன்றிலே அழகாய் இருந்த படம் மற்றதிலே இருண்டு தோன்றியது இயல்பே. இன்றும் ஒரே கோப்பை இரண்டு இயக்கிகளில் ஓடவிட்டால், நடுச்சாம்பல் சற்று வேறுபட்டுத் தோன்றுவதைக் காணலாம்.

நோயை அறியாமல் மருந்து கொடுப்பதுதான் பெரும் தீங்கு. படம் மங்கியிருக்கின்றதென்று கண்ட இளைஞர், உடனே நிறத்திருத்தப் பகுதியைத் திறந்து இருளையும் ஒளியையும் கையாலே இழுத்துவிடுகின்றனர். அப்பொழுதைக்குக் கண்ணுக்கு இனிமையாகத்தான் இருக்கும். அடுத்த மென்பொருள் அளவைச் சரியாக அறிந்து தன் கடமையைச் செய்யும்போது, ஏற்கெனவே இழுக்கப்பட்டது மீண்டும் இழுபட்டு வெட்டுண்ணும். மேலும், நாம் பார்க்கும் திரையே பொய் சொல்லலாம். தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றிலும், கணினியின் காட்சி அமைப்பிலும் முழு அளவா வீடியோ அளவா என்று தெரிவு செய்யும் இடம் உண்டு. கணினி ஒன்றை அனுப்பத் தொலைக்காட்சி வேறொன்றை எதிர்பார்த்தால், நல்ல படமும் கெட்டதாகத் தோன்றும். ஆதலின் கண்ணுக்கு முன்னர் அளவுமானியை நம்புதல் வேண்டும்.

மாணவர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு சிலவற்றை இங்கே சொல்லிவைக்கின்றோம். முதலாவது, கமராவிலிருந்து வந்த மூலக்கோப்பை எக்காரணங்கொண்டும் அழிக்கற்க. இறுதிப்படம் கைக்கு வந்து, அதனைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்த பின்னரும் அது இரண்டு இடங்களில் இருக்கட்டும். இரண்டாவது, நீளமான படத்தை அனுப்புமுன் பத்து விநாடிப் பட்டைப் படத்தை அனுப்பிச் சோதிக்க. மூன்றாவது, கோப்புடன் ஒரு துண்டுக் காகிதமும் போகட்டும்: முழு அளவா வீடியோ அளவா, 601ஆ 709ஆ, எத்தனை பிட், எந்த வளைவு என்ற நான்கையும் அதில் எழுதுக. மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், கோப்பில் எழுதப்பட்டிருக்கும் குறிகளை எடுத்துக்காட்டும். அதில் அளவைப் பற்றிய வரி காணப்படாவிட்டால் அப்பொழுதே எச்சரிக்கையாகுக.

நான்காவது, தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று மென்பொருளிடமே விட்டுவிடாது, ஐயமுள்ள இடத்தில் நீங்களே சொல்லுக. உதாரணமாக, டாவின்சி றிசோல்வ் என்னும் மென்பொருளில் ஒவ்வொரு கோப்பின் பண்புகளிலும் டேட்டா லெவல்ஸ் என்ற பகுதி உண்டு. அங்கே ஓட்டோ, வீடியோ, ஃபுல் என்ற மூன்று தெரிவுகள் இருக்கும். படத்தை வெளியே எடுக்கும் பக்கத்திலும் அதே மூன்றும் உள. ஓட்டோ என்பது குறியையும் கோப்பின் வகையையும் நம்பி நடப்பது. குறி இல்லாத இடத்தில் அது அனுமானமே. ஐந்தாவது, அளவு மாற்றத்தை ஒரே ஒரு முறை, ஒரே ஓர் இடத்திற் செய்க. ஆறாவது, இடைநிலைக் கோப்புக்கு இயன்றவரை 10 பிட் வகையைத் தெரிக. பிழை நேர்ந்தாலும் திருத்துவதற்குப் படிகள் மிகுதியாக இருக்கும்: 8 பிட்டில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 220 படிகள், 10 பிட்டில் 877.

இவ்வளவு நுணுக்கம் ஒரு வீட்டுப் படத்துக்கு வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்றே சொல்லுவோம். எமது மக்களின் முகங்கள் பெரும்பாலும் ஒளிக்கோலின் கீழ்ப்பாதியில் இருப்பவை. வெளிச்சம் குறைந்த கோயில் வீதியில் எடுத்த படத்திலே, ஒரு கிழவரின் கண்ணும் சிரிப்பும் அழுகையும் 5க்கும் 40க்கும் இடையேயுள்ள சில படிகளுக்குள் அடங்கிவிடலாம். அடியிலுள்ள பதினாறு படிகளை வெட்டுவது வெளிறிய முகத்துக்குப் பெரிய நட்டம் அன்று. எமக்கோ முகமே போய்விடும்.

முகத்தின்மேற் பழி போடுவது புதிய வழக்கமும் அன்று. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, கொடாக் நிறுவனம் வண்ணப் படம் அச்சிடும் நிலையங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை வழங்கிற்று. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷேர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவளுடைய தோல் நிறம் சரியாய் வந்தால் இயந்திரம் சரியாக இருக்கின்றதென்று கொண்டனர். கரிய முகங்கள் உருத்தெரியாமல் அச்சாகிய காலை, அளவுகோலை ஐயுற்றவர் சிலரே. முகத்தைக் குறை கூறியவரே பலர். பல நிறத்தாரையும் கொண்ட அட்டை 1990களிலேதான் வந்தது. மாமியின் தீர்ப்பிலும் அந்தப் பழைய எண்ணத்தின் நிழல் சற்றே விழுந்திருக்கின்றது. அவரை நாம் குறை சொல்லவில்லை. குற்றம் எங்கே என்று தெரியாதபோது, மனிதர் தம்மையே நொந்துகொள்ளுதல் இயல்பு.

கதையின் முடிவை வாசகர் அறிய விரும்புவர். படம் நன்றாய் முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில், திரும்பி வந்ததைப் பாராமலே பையன் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் இடம் வேண்டி எல்லாவற்றையும் அழித்துவிட்டான். ஸ்ரூடியோவிலும் வேலை முடிந்ததும் அழித்துவிட்டார்கள். நல்வினையாக, முதற்பாகத்தை அவனுடைய தமக்கை தன் தோழியருக்குக் காட்டுவதற்காகப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தாள். அதனை முழு அளவு என்று சொல்லித் திறந்தோம். தலைப்பாகையின் கீழே நெற்றி வந்தது. நெற்றியின் கீழே கண்கள் வந்தன. பையன் வாய்திறவாது நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் பாகத்தின் பிரதி எங்குமே இல்லை. வெட்டுண்ட கோப்பு ஒன்றுதான் எஞ்சியது. எம்மால் இயன்றதைச் செய்து பார்த்தோம். இருள் சாம்பலாயிற்றேயன்றி அதனுள்ளிருந்து கண் வரவில்லை. இல்லாததை எந்தக் கணக்கும் தராது.

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குச் சென்று, இரண்டு பாகங்களையும் அண்ணாவியாருக்குப் போட்டுக் காட்டினோம். முதற்பாகம் முடியும்வரை தம் பாட்டுக்குத் தாமே மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் பாகம் வந்ததும் கையை நிறுத்தினார். சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பேரனிடம், "தம்பி, இதிலையும் நான் கண்ணைத் திறந்து வைச்சுக்கொண்டுதான் பாடினனான்" என்றார். மாமி எழுந்து குசினிக்குட் போய்விட்டார்.

பையன் இப்பொழுது கோப்போடு காகிதம் எழுதி அனுப்புகின்றான். எங்கள் கல்லூரி வாணி விழாப் படத்தை இவ்வாண்டு அவனே தொகுத்தான். அவன் ஸ்ரூடியோவுக்கு அனுப்பிய பென் டிரைவின்மேல் ஒட்டியிருந்த துண்டை நாம் வாசித்தோம்: "முழு அளவு. 709. 10 பிட். வளைவு 2.2. தயவுசெய்து பட்டைப் படத்தை முதலிற் பார்க்கவும்." ஸ்ரூடியோக்காரரும் அதனைப் பார்த்துவிட்டு, ஒரு சொல் கேட்டு அறிந்துகொண்டே வேலையைத் தொடங்கினாராம். கொடுப்பவர் அளவு சொல்லிக் கொடுக்கவும், வாங்குபவர் அளவு கேட்டு வாங்கவும் பழகிவிட்டால், வீட்டிலுள்ள முதியோரின் முகங்கள் நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் உள்ளபடியே போய்ச் சேரும்.